ஸ்கேன் இருக்கும்போது அசலை ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? சிகாகோவின் மேரி ரெனால்ட்ஸ் தொகுப்பை முன்வைத்து ஒரு பதில்

சிகாகோவுக்குப் படிக்க வந்திருக்கும் நீங்கள், அங்குள்ள ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் நூலகத்தில் மேரி ரெனால்ட்ஸ் தொகுப்பு என்ற பெயரில் சர்ரியலிச நூல்கள், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இயக்கத்தின் நூல்கள், தனியாக இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். "இந்தப் புத்தகங்களும் பத்திரிகைகளும் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றனவே, பிறகு எதற்காக நேரில் போய்ப் பார்க்க வேண்டும்? நூலகம் எதற்காக இவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறது?" என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒரு புத்தகத்தின் அசலில் ஸ்கேனில் வராதது என்ன என்பது ஒன்று. ஒருவர் சேர்த்த புத்தகங்களை மற்றவற்றோடு கலக்காமல் ஒன்றாகவே வைத்திருப்பதால் என்ன பயன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். சிலவற்றுக்கு ஸ்கேனே போதும், அதையும் சொல்கிறேன். இரண்டாவது கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. இந்தத் தொகுப்பு பிரிந்து போயிருந்தால், ஒவ்வொரு புத்தகமும் எங்காவது பத்திரமாக இருந்தாலும், முக்கியமான ஒரு சாட்சியம் அழிந்திருக்கும்.

நான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய என்னைப் பற்றி இரண்டு வரி. கலை நூலகங்களில் அரிய நூல்களுக்குப் பட்டியல் எழுதுவது என் தொழில். அதற்கு முன்பு கையால் பைண்டிங் செய்யக் கற்றேன். தாள், தையல், அட்டை, பதிப்பு விவரம், ஒரு புத்தகம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்கிற விஷயங்களில் என் பேச்சுக்கு அனுபவத்தின் பலம் உண்டு. கனவு, ஆழ்மனம், கவிதையின் உள்ளர்த்தம் என்று போனால் நானும் உங்களைப் போல ஒரு வாசகன்தான்.

மேரி ரெனால்ட்ஸ் 1891-ல் பிறந்த அமெரிக்கர். முதல் உலகப் போரை ஒட்டிக் கணவரை இழந்தவர். 1920-களின் தொடக்கத்தில் பாரீஸுக்குக் குடிபோனார். அங்கே புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்புடன் ஏற்பட்ட உறவு, நடுவில் விலகல்கள் இருந்தாலும், 1950-ல் ரெனால்ட்ஸ் இறக்கும்வரை நீடித்தது. பல கலை வரலாற்று நூல்களில் "டுஷாம்பின் தோழி" என்ற ஒரே வரியோடு அவரை முடித்துவிடுவார்கள். அவர் தொழில் தெரிந்த பைண்டர் என்பது அந்த வரிக்குள் அடங்காது. 1929 வாக்கில் பியேர் லெக்ரேன் என்பவரிடம் அவர் பைண்டிங் கற்றார். லெக்ரேன் சாதாரண ஆள் இல்லை. பாரீஸின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரும் பெரிய புத்தகப் பிரியருமான ஜாக் டூசேவுக்காக அட்டைகள் வடிவமைத்தவர். தோலில் தங்கப் பூவேலை செய்யும் பழைய வழக்கத்தை விட்டு, கோடும் வட்டமும் எழுத்துமாகப் புத்தக அட்டையை நவீனக் கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ஆக, ரெனால்ட்ஸ் பொழுதுபோக்குக்காகப் பசையும் கத்தரியும் எடுத்தவர் அல்ல. அந்தக் காலத்தின் முதல்தரமான பட்டறையில் கற்றவர்.

பாரீஸின் 14-ம் வட்டாரத்தில், ரூ ஆலே என்ற தெருவில் 14-ம் எண் வீடு அவருடையது. சுவர்களில் நிலப்படங்கள் ஒட்டியிருந்த வீடு. சிற்பி பிரான்குசி, ஓவியரும் நிழற்படக் கலைஞருமான மான் ரே, எழுத்தாளர்கள் கோக்தோ, பெக்கெட் எல்லாரும் வந்து போன இடம். அங்கே சேர்ந்த புத்தகங்களில் பல, எழுதியவர்களும் வரைந்தவர்களும் கையில் கொடுத்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1940-ல் ஜெர்மன் படை பாரீஸுக்குள் வந்தபோது நண்பர்கள் பலர் தெற்கே போனார்கள், பிறகு கடல் தாண்டினார்கள். டுஷாம்பும் 1942-ல் நியூயார்க் போய்விட்டார். ரெனால்ட்ஸ் கிளம்பவில்லை. குளோரியா எஸ்.எம்.எச். என்ற எதிர்ப்பு அமைப்பில் சேர்ந்து வேலை செய்தார். ஓவியர் பிக்காபியாவின் மகள் ஜானின் அதை நடத்தியவர்களில் ஒருவர். பெக்கெட்டும் அதே அமைப்பில் இருந்தார். 1942-ல் ஒரு பாதிரியார் காட்டிக்கொடுத்ததில் அமைப்பு சிதறியது. ரெனால்ட்ஸ் பைரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குள் போய், லிஸ்பன் வழியாக 1943-ல் நியூயார்க் வந்து சேர்ந்தார். புத்தகங்கள் பாரீஸில் இருந்தன. போர் முடிந்ததும் அவற்றிடம் திரும்பிப் போனார். அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் எத்தனையோ பேருடைய நூலகங்கள் பறிமுதலாகிப் பெட்டி பெட்டியாக ஜெர்மனிக்குப் போயின. இது தப்பியது.

அவர் இறந்த மறுவருடம், 1951-ல், சகோதரர் ஃபிராங்க் புரூக்ஸ் ஹுபாசெக் தொகுப்பை ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்தார். வீட்டிலிருந்த புத்தகங்களையும் காகிதங்களையும் ஒழுங்கு செய்ய டுஷாம்ப் உதவினார். இன்ன தொகுப்பைச் சேர்ந்த புத்தகம் என்று உள்ளட்டையில் ஒட்டும் சீட்டையும் அவரே வடிவமைத்தார். 1956-ல் ஹியூ எட்வர்ட்ஸ் தயாரித்த பட்டியல் நூலாக வந்தது, முன்னுரை டுஷாம்ப் எழுதினார். 1973-ல் அதற்கு இரண்டாம் பதிப்பும் வந்தது. ஒரு தனியார் தொகுப்பு நூலகத்துக்கு வந்து ஐந்தே வருடத்தில் முழுப் பட்டியல் அச்சாவது எவ்வளவு அரிது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பல நூலகங்களில் நன்கொடைப் பெட்டிகள் தலைமுறைக் கணக்கில் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். ஆல்ஃப்ரெட் ஜாரியின் 'உபு ரா' நாடகத்துக்கு ரெனால்ட்ஸ் 1935-ல் செய்த பைண்டிங்கைப் பாருங்கள். முன்னட்டையும் பின்னட்டையும் ரோமன் எழுத்தான 'யூ' வடிவில் வெட்டப்பட்டிருக்கின்றன. முதுகு 'பி' வடிவில் இருக்கிறது. புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்தால் மூன்றும் சேர்ந்து நாயகனின் பெயர் ஆகிவிடும். வெட்டிய இடைவெளி வழியாக உள்ளே கறுப்புப் பட்டு தெரியும். முன்பக்க இடைவெளியில் தங்கத்தில் ஒரு கிரீடம், பின்பக்கத்தில் ஆசிரியரின் பெயர். கோமாளித்தனமான ஒரு அரசனின் கதை என்பதால் கிரீடம் ஓட்டை வழியாகத்தான் தெரிகிறது.

பைண்டிங் கற்றவன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அட்டையில் இருந்து ஒரு எழுத்தை வெட்டி எடுப்பது வரைபடத்தில் சுலபம். கையில் செய்யும்போது அட்டையின் ஒவ்வொரு உள்விளிம்பையும் தோல் சுற்றிப் போர்த்த வேண்டும். தோலைச் சீவி மெலிசாக்காவிட்டால் வளைவில் மடிப்பு விழும், அதிகம் சீவினால் கிழியும். வளைவின் உட்பக்கத்தில் தோலைச் சின்னச் சின்ன நறுக்குகளாக வெட்டித்தான் திருப்பி ஒட்ட முடியும், அந்த நறுக்கு வெளியே தெரியவும் கூடாது. அட்டையின் நடுவை எடுத்துவிட்டால் அது வளையாமல் நிற்கும் பலமும் குறைந்துவிடும். இதையெல்லாம் மீறிப் புத்தகம் புத்தகமாகத் திறந்து மூட வேண்டும். இணையத்தில் உள்ள படத்தில் வடிவம் தெரியும், யோசனை புரியும். அட்டையின் கனமும், இடைவெளியில் நிழல் விழும் விதமும், விரிக்கும்போது எழுத்துகள் சேர்ந்து மூடும்போது பிரிவதும் படத்தில் கிடைக்காது.

இன்னொன்று, மான் ரேயின் ஓவியங்களும் போல் எலுவாரின் கவிதைகளும் சேர்ந்து 1937-ல் வந்த 'லே மேன் லீப்ர்', அதாவது 'சுதந்திரக் கைகள்'. வழக்கமாகக் கவிதைக்குத்தான் படம் போடுவார்கள். இந்தப் புத்தகம் ஓவியங்களுக்குக் கவிதை போட்டிருப்பதாகத் தன் தலைப்புப் பக்கத்திலேயே சொல்கிறது. ரெனால்ட்ஸ் இதற்கு ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து, அட்டைகளின் மேல் முன்னும் பின்னுமாகப் பதித்துவிட்டார். நீங்கள் புத்தகத்தைக் கையில் எடுத்தால் ஏற்கெனவே இரண்டு கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரேமோன் கெனோவின் 'சேன் கிளாங்கிளான்' நாவலில் ஊரே கூடிப் பீங்கான் பாத்திரங்களை உடைக்கும் திருவிழா வரும். அந்தப் பிரதியின் முதுகில் ஒரு பீங்கான் கோப்பையின் காது மட்டும் ஒட்டியிருக்கிறது. நாவலைப் படிக்காத ஒருவருக்கு இந்த யோசனை தோன்றவே தோன்றாது.

இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 'உபு ரா' பைண்டிங்கை வடிவமைத்தவர் டுஷாம்ப், செய்தவர் ரெனால்ட்ஸ் என்பதில் சந்தேகமில்லை. மற்றப் பல பைண்டிங்குகளில் கைவேலை ரெனால்ட்ஸுடையது என்பது உறுதி. யோசனை யாருடையது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் எப்போதும் இருப்பதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் எல்லாவற்றையும் டுஷாம்பின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது எனக்கு ஏற்புடையதல்ல. பட்டியல் எழுதும்போது எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், ஆதாரம் இல்லாத இடத்தில் புகழ்பெற்ற பெயரை எழுதாதே என்பது. கோப்பையின் காது யாருடைய யோசனை என்று கேட்டால், அந்த நாவலை வாசித்து, தையல் போட்டு, தோல் போர்த்தியவரிடமிருந்தே தொடங்குவதுதான் நியாயம். இது என் கருத்து, ஆவணம் அல்ல.

இப்போது ஸ்கேன் எங்கே போதும் என்பதைப் பார்ப்போம். சர்ரியலிசத்தின் தலைவரான கவிஞர் பிரெத்தோன் 1924-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் அவர் என்ன சொன்னார் என்பதுதான் உங்களுக்குத் தேவையென்றால் எந்தப் பதிப்பும் போதும், நல்ல ஸ்கேன் தாராளமாகப் போதும். மாக்ஸ் எர்ன்ஸ்டின் 'உய்ன் செமேன் தெ பொந்தே' என்ற 1934-ம் வருட கொலாஜ் நாவலில் நிலைமை இன்னும் சுவாரஸ்யமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலிவு நாவல்களிலும் அறிவியல் பத்திரிகைகளிலும் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி அவர் அதைச் செய்தார். ஒட்டிய மூலத்தில் வெட்டு விளிம்பும் தாளின் நிற வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். அச்சில் அவை மறைந்து, ஒரே கை செதுக்கிய படம்போல ஆகிவிடும். மறைய வேண்டும் என்பதுதான் எர்ன்ஸ்டின் நோக்கமும். இந்த நூலுக்கு அச்சுப் பிரதிதான் முடிந்த படைப்பு, ஒட்டிய தாள் அதற்கான தயாரிப்பு. ஆகவே நல்ல மறுபதிப்பிலோ ஸ்கேனிலோ படங்களைப் பார்ப்பதில் பெரிய குறை வராது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அது முதலில் ஐந்து தனித்தனிச் சிறுநூல்களாக, ஒவ்வொன்றும் ஒரு நிற அட்டையோடு வெளிவந்தது. வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு நூல் என்று ஆரம்பித்து, கடைசி மூன்று நாட்களை ஐந்தாவது நூலில் அடக்கினார்கள். ஒரே தடிப்புத்தகமாக வரும் மறுபதிப்பில் இந்த வரலாறு காணாமல் போய்விடுகிறது.

ஸ்கேன் முற்றிலும் தோற்கும் இடம் டுஷாம்பின் 'பச்சைப் பெட்டி'. இதுவும் 1934. 'பெரிய கண்ணாடி' என்று அழைக்கப்படும் படைப்புக்காக அவர் கிறுக்கி வைத்த குறிப்புகள், வரைபடங்கள், நிழற்படங்கள், ஒரு வண்ணப் படம் எல்லாம் சேர்த்து 94 தாள்கள் ஒரு பச்சைப் பெட்டியில் இருக்கின்றன. மொத்தம் 320 பிரதிகள், அவற்றில் 20 சிறப்புப் பிரதிகள். ஒவ்வொரு குறிப்பும் மூலத்தில் எந்த மாதிரித் தாளில் எழுதப்பட்டதோ அதே மாதிரித் தாளைத் தேடி அச்சிட்டார். மூலத் தாள் எப்படிக் கிழிந்திருந்ததோ அதே வடிவில் துத்தநாகத் தகடு வெட்டி, அந்தத் தகட்டை வைத்து ஒவ்வொரு தாளையும் கிழித்தார். நூற்றுக்கணக்கான பிரதிகளுக்கு இதைச் செய்திருக்கிறார். தாள்களுக்குப் பக்க எண் கிடையாது, வரிசையும் கிடையாது. பெட்டியைத் திறப்பவர் எந்த வரிசையில் எடுக்கிறாரோ அதுதான் அவருக்கான வரிசை. ஸ்கேன் செய்த உடனே ஒரு கோப்பு முதலாவதாகவும் இன்னொன்று கடைசியாகவும் ஆகிவிடும். டுஷாம்ப் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒழுங்கின்மையைக் கணினி சரிசெய்துவிடுகிறது. பெட்டியிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான், கைவிட்ட துண்டுச்சீட்டு போலத் தெரிவது எவ்வளவு பொறுமையாகச் செய்யப்பட்டது என்பது உறைக்கும்.

அப்புறம், சில புத்தகங்கள் பாதுகாப்பவரையே சோதிக்கும். 1947-ல் பாரீஸின் மாக் கேலரியில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியின் சிறப்புப் பட்டியலுக்கு டுஷாம்ப் செய்த அட்டையில், கறுப்பு வெல்வெட்டின் மேல் ஃபோம் ரப்பரில் ஒரு மார்பகம் ஒட்டியிருக்கும். "தயவுசெய்து தொடவும்" என்ற வாசகமும் உண்டு. ஃபோம் ரப்பர் காற்றுப்பட்டே விறைத்து, நிறம் மாறி, உதிரும் பொருள். ஆகவே தொடச் சொல்லும் புத்தகத்தைத் தொட விடாமல் வைத்திருக்கும் நிலை எங்களுக்கு. சர்ரியலிசத்தைத் தாண்டி அவான் கார்ட், அதாவது மரபை உடைத்த புதுமை இயக்கங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். எந்திரத்தையும் வேகத்தையும் கொண்டாடிய இத்தாலிய ஃபியூச்சரிஸ்ட் இயக்கத்தின் தெப்பெரோ 1927-ல் தன் புத்தகத்தைத் தைக்காமல், பசை போடாமல் இரண்டு பெரிய போல்ட்டு போட்டு முடுக்கினார். ரஷ்ய ஃபியூச்சரிஸ்டுகள் 1912-ல் ஒரு தொகுப்புக்குச் சாக்குத்துணியில் அட்டை போட்டார்கள். கீ தெபோரும் அஸ்கர் யோர்னும் 1959-ல் வெளியிட்ட நூலுக்கு அட்டை உப்புத்தாள். அலமாரியில் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தை எடுக்கும் போதெல்லாம் தேய்த்துக் கெடுக்க வேண்டும் என்பதே உத்தேசம். நாங்கள் அதைத் தனிப்பெட்டியில் போட்டு வைக்கிறோம். வேறு வழியில்லை, பக்கத்துப் புத்தகத்துக்கும் நாங்கள்தானே பொறுப்பு. இப்படிப்பட்டவற்றைப் பொது அலமாரியில் வைக்காததற்குக் காரணம் வாசகர் மேல் அவநம்பிக்கை அல்ல. அந்தப் பொருட்கள் அப்படிப்பட்டவை.

பத்திரிகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இயக்கங்கள் நிஜமாக வாழ்ந்தது பத்திரிகைகளில்தான். பிக்காபியா 1917-ல் பார்சிலோனாவில் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோன '391' 19 இதழ்கள் வந்தது. 'நியூயார்க் தாதா' (தாதா என்பது சர்ரியலிசத்துக்கு முந்தைய கலக இயக்கம்) 1921-ல் ஒரே ஒரு இதழ். 'லா ரெவொல்யூசியோன் சுர்ரியலிஸ்த்' 1924 டிசம்பரிலிருந்து 1929 டிசம்பர் வரை 12 இதழ்கள். இந்தக் கடைசிப் பத்திரிகை பார்ப்பதற்கு ஒரு அறிவியல் பத்திரிகை போலவே இருக்கும், நெடுக இரண்டு பத்தி, அலங்காரமே இல்லாத பக்கம். 'லா நத்யூர்' என்ற பிரபல அறிவியல் வார இதழின் தோற்றத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள், கனவுக் குறிப்பும் ஆய்வுக் குறிப்பு போலவே வாசிக்கப்பட வேண்டும் என்று. 1933-ல் ஸ்கீரா வெளியிட ஆரம்பித்த 'மினோத்தோர்' இதற்கு நேர்மாறு. பளபளப்பான தாள், முதல் இதழுக்கு அட்டை பிக்காசோ, விலையும் அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேஜையில் வைத்துப் பார்த்தால், ஒன்பது வருடத்தில் இயக்கத்தின் பணமும் வாசகரும் எப்படி மாறிவிட்டார்கள் என்று யாரும் சொல்லாமலே புரியும். ஸ்கேனில் இரண்டும் ஒரே திரையின் அளவுக்கு வந்துவிடுகின்றன.

சிற்றிதழ் சேகரித்த யாருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம். நூலகங்கள் பல காலமாகப் பத்திரிகைகளை வருடவாரியாக பைண்டு செய்தபோது, இடம் மிச்சம் என்று அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டு, ஓரத்தையும் சீவிவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு நூலகத்திலும் அப்படி பைண்டு செய்த வரிசை இருந்தது, உள்ளே ஒரு விளம்பரம்கூட மிச்சமில்லை. எந்த கேலரி பணம் கொடுத்தது, எந்தப் புத்தகக் கடை விற்றது, அடுத்து என்ன வரப்போகிறது என்று அறிவித்து வராமலே போனது எது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். இணையத்தில் உள்ள ஸ்கேன்களில் கணிசமானவை இப்படி பைண்டு செய்த வரிசைகளிலிருந்து எடுத்தவை. ஒரு இதழின் ஸ்கேனைப் பார்க்கும்போது முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது இதழின் ஒரு பகுதி.

இனி இரண்டாவது கேள்வி, தொகுப்பு ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. நூலகத்துக்கும் சர்ரியலிசத்துக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிட நெருக்கமானது. மேலே சொன்ன ஜாக் டூசே, 1920-களின் தொடக்கத்தில் இளைஞரான பிரெத்தோனைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தன் நூலகத்துக்கு எந்தப் புத்தகம், எந்தக் கையெழுத்துப் பிரதி, எந்த ஓவியம் வாங்கலாம் என்று ஆலோசனை கேட்டார். பிக்காசோவின் 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தை 1924-ல் டூசே வாங்கியது அந்த ஆலோசனையால்தான். அவருடைய இலக்கிய நூலகம் இன்றும் பாரீஸில் அவர் பெயரிலேயே, பிரியாமல் இருக்கிறது.

பிரெத்தோன் தானே சேர்த்தவற்றின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1922-லிருந்து 1966-ல் இறக்கும்வரை ரூ ஃபோந்தேன் 42-ம் எண் வீட்டில் இருந்தார். அங்கே சேர்ந்த புத்தகங்கள், கடிதங்கள், ஓவியங்கள், ஓஷியானியச் சிற்பங்கள், கடற்கரைக் கற்கள் எல்லாம் 2003 ஏப்ரலில் பாரீஸின் துருவோ ஏல மண்டபத்தில் 4,000-க்கு மேற்பட்ட உருப்படிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடந்தது, வாசலில் ஆர்ப்பாட்டமும் நடந்தது. அரசு சிலவற்றை முன்னுரிமையில் எடுத்துக்கொண்டது. அவருடைய எழுத்து மேஜைக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் அப்படியே பாரீஸின் பாம்பிடு கலை மையத்துக்குப் போனது. விற்றதிலும் நன்மை இருக்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஏலத்துக்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்துப் பதிவு செய்தார்கள், பல நூலகங்களுக்கு அரிய பொருட்கள் கிடைத்தன. இது உண்மை. ஆனால் இன்று அந்த அலமாரியில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று அறிய வேண்டுமானால் பழைய நிழற்படங்களைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

ரெனால்ட்ஸ் தொகுப்புக்கு அது நேரவில்லை. ஒன்றாக இருப்பதால் அதைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்க முடிகிறது. நிறையப் புத்தகங்களில் எதை அவர் பைண்டு செய்யத் தேர்ந்தெடுத்தார்? யார் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்? கெனோவை அவர் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார் என்பது ஒரு பிரதியை மட்டும் பார்த்தால் தெரியாது. கண்காட்சி அழைப்பிதழ், துண்டறிக்கை, சின்னப் பட்டியல் போன்றவை தனித்தனியாக வந்தால் எந்த நூலகமும் குப்பை என்று ஒதுக்கிவிடக்கூடியவை. ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து வரும்போது, அந்த வட்டத்தில் யார் யாரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அவைதான் ஆதாரம். இந்த மாதிரிச் சீட்டுகளில் மாதம், தேதி இருக்கும், வருடம் இருக்காது. பட்டியலில் வருடத்தைச் சதுர அடைப்புக்குள் பார்த்தால், அது தாளில் அச்சானது அல்ல, பட்டியல் எழுதியவரின் கணிப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அந்த அடைப்பு காணாமல் போய், கணிப்பு உண்மையாகிவிடுவதை நிறையப் பார்க்கிறேன்.

அதேபோல, அன்பளிப்புக் கையெழுத்தைப் பார்த்து நட்பின் ஆழத்தை அளக்கப் போகாதீர்கள். புத்தகம் கொடுக்கப்பட்டது என்பது உறுதி, அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஊகம். பிரெஞ்சுப் புத்தகங்கள் அந்தக் காலத்தில் ஓரம் வெட்டாமல் வெளிவரும், வாசகர்தான் கத்தியால் தாள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காத பக்கங்கள் இருந்தால் அந்தப் பிரதியில் அந்தப் பக்கம் வாசிக்கப்படவில்லை என்று சொல்லலாம், அவர் அந்தப் புத்தகத்தையே வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பதிப்பு விவரத்தில் அச்சாகியிருக்கும் பிரதி எண்ணிக்கையும் அறிவிப்புதான். தன் படைப்புகளின் சிறு நகல்களை டுஷாம்ப் அடக்கிவைத்த கையடக்கப் பெட்டிகளைப் போலச் சில பதிப்புகள் பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரானவை, முந்தைய பிரதியும் பிந்தைய பிரதியும் ஒன்றுபோல இருக்காது.

நேரில் போவதென்றால் சில நடைமுறை விஷயங்கள். நூலகத்தின் பெயர் ரையர்சன் அண்ட் பர்னம், அருங்காட்சியகக் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறது. இதுபோன்ற நூலகங்களில் அரிய நூல்களை முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள். திறந்திருக்கும் நாட்களும் விதிகளும் மாறும், தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். "சர்ரியலிசம் பார்க்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். தலைப்பு, வருடம், எந்தப் பிரதி, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். பைண்டிங்குகளின் படங்கள் இணையத்தில் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, படத்தில் தெரியாத எது உங்களுக்குத் தேவை என்று சொன்னால் நூலகர் மனம் வைத்து உதவுவார். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். பென்சில் கொண்டு போங்கள், பேனா அனுமதிக்க மாட்டார்கள். தாளுக்குக் கையுறை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கைதான் நல்லது, கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் பக்கம் கிழியும். நிழற்படம், உலோகம் என்றால் கையுறை தருவார்கள். புத்தகத்தைப் பஞ்சுத் தாங்கியில் வைத்துத் தருவார்கள், அதற்கு மேல் விரிக்க முயலாதீர்கள்.

தாதா பத்திரிகைகளுக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொடங்கிய சர்வதேசத் தாதா ஆவணக்காப்பகத்தின் ஸ்கேன்கள் நம்பகமானவை. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தையும் பாருங்கள். ஐரோப்பா போகும் வாய்ப்பு கிடைத்தால் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நவீனக் கலைக்கூடத்தைத் தவற விடாதீர்கள். சேகரிப்பாளர் கேப்ரியல் கைலர் 1995-ல் விட்டுச்சென்ற தொகுப்பும் பிரிட்டிஷ் சர்ரியலிசக் கலைஞர் ரோலண்ட் பென்ரோஸின் ஆவணங்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரெனால்ட்ஸ் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை போகும்போது நிறையக் கேட்காதீர்கள். 1956-ம் வருடப் பட்டியலை ஒரு மணி நேரம் புரட்டுங்கள். அப்புறம் 'உபு ரா' பைண்டிங், 'சேன் கிளாங்கிளான்' பைண்டிங், ஏதாவது ஒரு பத்திரிகையின் அட்டை சிதையாத இதழ், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் வீட்டிலேயே ஸ்கேனையோ படத்தையோ பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். மேஜையில் அசல் வந்ததும் அந்தக் குறிப்பில் எதையெல்லாம் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எழுதியதில் ஏதாவது புரியாமல் போனால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.